செத்த குதிரை திரும்பி வந்த காட்சி

1

படம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஒரு காட்சி பாக்கி இருப்பது எனக்குத் தெரியும்.

திரையில் பெயர்கள் ஓடின. தச்சு வேலை பார்த்தவர், குதிரைக்குப் புல் போட்டவர் என்று ஒருவர் விடாமல் ஓடி முடிந்து, விளக்கும் போட்டாகிவிட்டது. சோளப்பொரி பெருக்குகிறவர் துடைப்பத்தோடு என் வரிசைக்கே வந்துவிட்டார். என் மகள் திவ்யா, வயது பதின்மூன்று, தோழிகள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, எழுந்திரு. முடிஞ்சிடுச்சு."

"முடியல. குதிரை இன்னும் வரல."

"எந்தக் குதிரை?"

"வெள்ளைக் குதிரை. தலைவர் அதுல ஏறித் திரும்பி வருவாரு."

அவள் என்னைப் பார்த்த பார்வையை அங்கே இருக்கும் உங்களுக்கு எப்படிச் சொல்வது? ஜெர்மனிக்கு வந்த எட்டு வருடத்தில் நான் செய்த அசட்டுத்தனங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பார்வை. அடுக்குமாடி வீட்டுக் கூட்டத்தில் எண்பது வயது அம்மாளை "நீ" என்று கூப்பிட்டது, குப்பையைத் தப்பான நிறத் தொட்டியில் போட்டு ஒரு கடிதம் வாங்கியது, எல்லாம் அதில் இருந்தன. இந்த ஊர் ஸ்டுட்கார்ட். கார்களுக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. மகளுக்கு நான் கார் ஓட்டி மட்டும்தான். அன்றைக்கும் ஓட்டுநராகத்தான் போயிருந்தேன். ஒரு பூதப் படவரிசையின் முதல் பாகம் வெளிவந்த நாளைக் கொண்டாட ஏழு பாகங்களையும் ஒரே வாரத்தில் காட்டினார்கள். பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு எனக்கும் ஏழாம் பாகத்துக்கு ஒரு டிக்கெட் கிடைத்தது.

2

அந்தப் படவரிசைக்குத் தமிழில் "மாயக்கதவு" என்று பெயர். "மாயக்கதவு", "மீண்டும் மாயக்கதவு", "மாயக்கதவின் சபதம்" என்று வளர்ந்து, ஏழாவது "மாயக்கதவு: இறுதி எச்சரிக்கை" என்று முடிந்தது. எச்சரிக்கை யாருக்கு என்று கடைசிவரை புரியவில்லை.

கதை சுருக்கம்தான். உலகத்தில் ஏழு கதவுகள். அவற்றின் வழியாகப் பூதங்கள் வருகின்றன. அண்ணனும் தங்கையுமாக ஒரு பாகத்துக்கு ஒரு கதவு வீதம் மூடுகிறார்கள். அண்ணன் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. அதனால் திருக்கழுக்குன்றத்தில் அவனுக்கு "தலைவர்" என்றே பெயர். அவனுடைய குதிரை வெள்ளையன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முதல் பாகம் எங்கள் ஊர்த் தியேட்டருக்கு வந்தபோது நான் செங்கல்பட்டில் கல்லூரி படித்துக்கொண்டிருந்தேன். என்னோடு பள்ளியில் படித்த அந்தோணி அந்தத் தியேட்டரில் ஆபரேட்டர். அவன் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். குடும்பத்தில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு முதலில் போனவன் அவன்தான் என்று அவனே சொல்லிக்கொள்வான். மூன்றாம் பாகம் வருவதற்குள் "மாயக்கதவு ரசிகர் நற்பணி மன்றம், திருக்கழுக்குன்றம் கிளை" தொடங்கிவிட்டோம். தலைமை மன்றம் எங்கேயும் கிடையாது. நாங்கள் கிளை மட்டும்தான். மன்றத் தலைவர் அந்தோணி, செயலாளர் நான்.

ஏதோ தேசத்து நடிகனுக்குக் கட்அவுட் வைத்தோம். பால் ஊற்றினோம். நான்காம் பாகத்தில் வெள்ளையன் செத்துப்போனபோது தியேட்டரில் பெரிய ஆட்களே மூக்கைச் சிந்தினார்கள். மறுநாள் நாங்கள் போஸ்டர் அடித்து ஒட்டினோம். "கண்ணீர் அஞ்சலி" என்று மேலே, நடுவில் குதிரையின் படம், கீழே "உன் பிரிவால் வாடும்" என்று எங்கள் பெயர்கள். பதினாறாம் நாள் பஸ் ஸ்டாண்டு அருகில் அன்னதானமும் போட்டோம். மலைக்கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர் ஒருவர் நன்றாகச் சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டே, "காலமானவர் யாருங்க?" என்று கேட்டார். போஸ்டரைக் காட்டினோம். நெடுநேரம் அதையே பார்த்துவிட்டு, "நல்ல லட்சணம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

3

ஏழாம் பாகம் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது நான் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, ஜெர்மனி வேலைக்கு விசாவும் வாங்கியிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் விமானம். வெள்ளிக்கிழமை பகல் காட்சிக்கு அந்தோணி எங்களை வரச் சொன்னான். நான், என் மனைவி மாலதி, என் அம்மா, என் மடியில் ஐந்து வயது திவ்யா. அவள் இடைவேளையில் ஒரு சமோசா சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டாள்.

வியாழக்கிழமை முதல் காட்சி பார்த்தவர்கள் ஏற்கெனவே டீக்கடையில் கொதித்துக்கொண்டிருந்தார்கள். கடைசிக் கதவு கடலுக்கு அடியில் இருக்கிறதாம். அதை உள்ளே இருந்துதான் சாத்த முடியுமாம். தலைவர் கடலுக்குள் இறங்கிச் சாத்திவிடுகிறார். தங்கை கரையில் நிற்கிறாள். அவ்வளவுதான், வணக்கம். கோவளத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்த மன்றத்துக்காரர்கள் மீன்பிடிக்கிறவர்கள். அவர்களுக்குக் கோபம் வேறு திசையில். "காத்து இன்னா, நீரோட்டம் இன்னா, ஒண்ணும் பாக்காம எறங்குறான். கடலு தெரியாதவன் கத எழுதுனா இப்டித்தான் கீது" என்றார் ஒருவர். வேறு சிலர் இதுதான் உயர்ந்த முடிவு, தியாகம் என்றார்கள். உயர்ந்த முடிவு என்று சொன்னவர் மேல் ஒரு டீ கிளாஸ் பறந்தது.

ஆகவே நான் எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். தலைவர் இறங்கினார், கதவு சாத்திக்கொண்டது, தங்கை கரையில் நின்றாள். அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். அப்போது படம் ஒரு குலுக்குக் குலுங்கியது. அடுத்த நொடி, கடற்கரை மணலில் வெள்ளையன் பாய்ந்து வந்தது! மேலே தலைவர், இரண்டு கைகளையும் விரித்துச் சிரித்துக்கொண்டு. வெற்றி இசை காதைப் பிளந்தது. அரை நிமிடம் இருக்கும். பிறகு வணக்கம்.

தியேட்டர் எழுந்து ஆடியது. காகிதம் பறந்தது. முன்வரிசையில் ஒருவன் மட்டும், "குதிரதான் நாலாம் பாகத்துலயே செத்துப்போச்சேடா!" என்று கத்தினான். மேலே எங்கிருந்தோ பதில் வந்தது: "அவனே வந்துட்டான், குதிர வராதா?"

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. எனக்கும் சரியாகத்தான் பட்டது. செத்தவர்கள் எல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம்தானே இருப்பார்கள்? போனவன் வரும்போது கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். படம் விட்டதும் டீக்கடையில் விசாரித்தபோது அந்தோணி அலட்டிக்கொள்ளாமல் சொன்னான். "நேத்து கடைசி ரீலு சூடாயிட்ச்சி மச்சான், முடிவ கட் பண்ட்டேன். இன்னிக்குத்தான் ஃபுல்லா ஓட்னேன்."

மறுநாள் மிக நல்ல மனநிலையில் விமானம் ஏறினேன். எட்டு வருடமாக அதுதான் முடிவு என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

4

தோழிகளை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது காரில் திவ்யா என்னைத் துருவித் துருவிக் கேட்டாள். நான் குலுக்கலைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். குலுக்கலை மறைக்க நினைக்கவில்லை. எங்கள் தியேட்டரில் படம் குலுங்குவது சொல்லிக்கொள்ளும்படியான விஷயமே இல்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு முந்திய ஒரு வருடமாக அவள் என்னோடு பேசியது "சரி", "தெரியாது", "எட்டு மணிக்கு வந்து கூப்பிட்டுக்கோ" ஆகிய மூன்று வாக்கியங்கள்தான். தமிழில் பேசினால் ஜெர்மனில் பதில். பள்ளிக்கூட வாசலில் என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வாள். அப்படிப்பட்டவள் அன்று முன் இருக்கையில் என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "அப்புறம்? அப்புறம் என்னாச்சு?" என்று தமிழில் கேட்டாள். வீட்டுக்குப் போகும் திருப்பத்தைத் தாண்டி வேண்டுமென்றே இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

இப்போதெல்லாம் ரசிகர் மன்றம் இணையத்தில் நடக்கிறது. அந்தப் படத்துக்கு ஒன்று இருக்கிறது, உலகம் முழுக்க ஆட்கள். எட்டு வருடமாகியும் முடிவு சரியா தப்பா என்று அங்கே சண்டை ஓயவில்லை. டீ கிளாஸ் பறப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அதற்குப் பதில் நாற்பது பக்கத்துக்குக் கட்டுரை எழுதுகிறார்கள். அதைவிட கிளாஸ் பறப்பதே மேல். அங்கே திவ்யாவுக்கு நல்ல பெயர். பள்ளியில் இரண்டே தோழிகள், அங்கே இருநூறு பேர். அன்று அவள் அங்கே எழுதிவிட்டாள்: "இந்தியாவில் வேறு முடிவு காட்டப்பட்டது. தலைவர் திரும்பி வருகிறார். என் அப்பா பார்த்தார்."

மறுநாள் உலகமே எங்கள் வீட்டுக் கணினியில் வந்து இறங்கியது. பிரேசிலில் ஒருவன் மகிழ்ச்சியில் அழுதானாம். ஒரு சாரார் அந்தப் பிரதியைக் கண்டுபிடிக்கப் பணம் திரட்டக் கிளம்பினார்கள். இன்னொரு சாரார் பொய் என்றார்கள். மன்றத்தை நடத்துகிறவர் கடைசியில் தீர்ப்புச் சொன்னார். இரண்டு வாரத்துக்குள் ஆதாரம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பொய்ச் செய்தி பரப்பியதற்காக அவள் பெயரை நீக்கிவிடுவார்.

"நீ பாத்தது உண்மைதானே அப்பா?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்டாள்.

"என் கண்ணால பாத்தேன். உங்கம்மாவக் கேளு."

மாலதி ரசம் ஊற்றிக்கொண்டே, "குதிரை வந்துச்சு. நானும் பாத்தேன்" என்றாள். "நீயும் அங்கதான் இருந்த. தூங்கிட்ட."

5

அந்தோணியின் நம்பரைப் பிடிக்கவே மூன்று நாளானது. எட்டு வருடத்தில் எத்தனை முறை பேசினேன் என்று கேட்காதீர்கள். முதலில் மாதம் ஒரு முறை, பிறகு பொங்கலுக்கு, பிறகு அதுவும் இல்லை. தியேட்டர் மூடியபின் அவன் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன். திவ்யாவும் கேட்க வேண்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"இன்னா மச்சான், உயிரோட கீறியா?" என்றான் எடுத்தவுடனே. "அங்கயும் ஆபரேட்டர், இங்கயும் ஆபரேட்டர். அப்ப ரீலு, இப்ப இரும்பு."

விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் ஒரு சிரிப்பு.

"டேய், அத்த நெசம்னா நெனச்சிகினு கீற, இத்தினி வருசமா?"

"அப்ப?"

"மூணாம் பாகத்துல ஒரு துண்டு அறுந்துச்சு, ஞாபகம் கீதா? குதிரயில பீச்சாண்ட வருவானே. அத்த எடுத்து பவுடர் டப்பாவுல போட்டு வச்சிருந்தேன். அத்தத்தான் கடைசில ஒட்னேன். உனுக்கு மட்டும். அந்த ஒரு ஷோவுக்கு மட்டும்."

"ஏன்டா?"

"ஏனா? மறுநாளு நீ ஏரோப்ளேன் ஏற்ற. கடலத் தாண்டிப் போனவன் திரும்பி வரல, கதவ சாத்திட்டாங்கன்னு படம் முடியிது. அத்த பாத்துட்டு நீ போவியா? பக்கத்துல உங்கம்மா வேற குந்திகினு கீது. சகுனமாடா அது? எனுக்கு மனசு ஆவல."

"குதிர வராதான்னு மேல இருந்து கத்துனது...?"

"நான்தான். ஆபரேட்டர் ரூம் ஓட்டையில வாய வச்சிக் கத்னேன். அதுக்கு அப்பறம் பேஜாராயிட்ச்சி. சனிக்கெழம வந்தவன்லாம் குதிர எங்கன்னு சேர ஒடச்சான். ஓனரு என்ன ஒரு மாசம் வூட்டுக்கு அனுப்ட்டாரு. சரி, வுடு."

ஒரு மாசம். நான் அப்போது இங்கே புது வீட்டில் ஜன்னல் எப்படித் திறப்பது என்று படித்துக்கொண்டிருந்தேன். துண்டு இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். டப்பாவிலேயே இருக்கிறது, அனுப்புகிறேன் என்றான்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். திவ்யாவின் முகம் சிவந்திருந்தது.

"அப்போ பொய்."

"பொய்யில்லம்மா, நான் பாத்தது..."

"நான் எல்லாருக்கும் எழுதிட்டேன். என் அப்பா பாத்தார்னு எழுதிட்டேன்." அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுகளைப் பற்றி ஏழு பாகம் பார்த்தவன் நான். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகவே புரிந்தது.

அந்த மூன்று வாக்கியங்களும் திரும்பி வரவில்லை. "சரி" கூட இல்லை.

6

பத்து நாள் கழித்துச் சுங்க அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. உங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒரு பொட்டலம், உள்ளே என்ன என்பது தெளிவாக இல்லை, நேரில் வந்து விளக்கவும், ரசீது கொண்டு வரவும். இந்த நாட்டில் ரசீது இல்லாமல் தும்ம முடியாது. என் ஜெர்மன் மென்பொருளுக்குப் போதும், சுங்கத்துக்குப் போதாது. இந்த மாதிரி இடங்களுக்கு எப்போதும் திவ்யாதான் என் வாய். வரமாட்டாள் என்று நினைத்தேன். மாலதி என்ன சொன்னாளோ, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

எண் சீட்டு எடுத்துக் காத்திருந்தோம். கூப்பிட்ட மேசையில் நரைமுடி அம்மாள் ஒருவர், மூக்குக் கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. பொட்டலத்தை வைத்து, கையில் ஒரு கத்தியைக் கொடுத்து, நீங்களே பிரியுங்கள் என்றார். பிரித்தேன். தமிழ்ச் செய்தித்தாள், அதற்குள் ஒரு பாக்கெட் கடலை உருண்டை, அதற்குள் பவுடர் டப்பா. மூடியைத் திறந்ததும் சுருள் அவிழ்ந்து மேசை மேலெல்லாம் பாம்பு மாதிரி ஓடியது.

அந்த அம்மாள் ஏதோ கேட்டார். திவ்யா எனக்குச் சொன்னாள்: "வியாபாரத்துக்கான சினிமாவான்னு கேக்குறாங்க."

"இல்லைன்னு சொல்லு. நண்பன் கொடுத்ததுன்னு சொல்லு."

அம்மாள் சுருளின் ஒரு முனையை எடுத்து விளக்கைப் பார்க்கத் தூக்கிப் பிடித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பிறகு இதுவரை இல்லாத குரலில் ஏதோ சொன்னார். திவ்யா திடுக்கிட்டுப் பார்த்தாள்.

"என்ன சொல்றாங்க?"

"இது வெள்ளையன்தானே, செத்துப்போச்சேன்னு சொல்றாங்க."

அம்மாள் தன் பையனோடு ஏழு பாகமும் பார்த்தவராம். கடைசிப் பாகம் பார்த்துவிட்டு மூன்று நாள் யாரோடும் பேசவில்லையாம். வேறு வழியில்லாமல் திவ்யா கதையைச் சொல்லத் தொடங்கினாள். ஜெர்மனில் அவள் பேசும்போது நான் சும்மா நின்று கேட்பேன், என் பெண் என்ற கர்வத்தோடு. எங்கள் தியேட்டர், ஒட்டிய துண்டு, சேர் உடைத்தது, எல்லாம் அவள் வாயில் ஓடுவது எனக்குப் புரிந்தது. விமானம் என்ற சொல் வந்தது. என் அம்மா வந்தாள். அங்கே அவள் குரல் தடுக்கியது. தான் சொல்வதைத் தானே அப்போதுதான் கேட்கிறவள் போல நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொல்லி முடித்தாள்.

அம்மாள் சுருளைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்பா," என்றாள் திவ்யா, "நீ அதுக்கப்புறம் திரும்பிப் போனியான்னு கேக்குறாங்க."

"போனேன்னு சொல்லு. மூணு தடவை."

"அது பெங்களூர். பெரியப்பா வீடு."

"அதுவும் இந்தியாதானே. பாட்டி அங்கதானே இருக்கா."

"அந்தோணி மாமா பெங்களூர்லயா இருக்கார்?"

முதல் இரண்டு வருடம் விசா என்ற சாக்கு. அப்புறம் அம்மா அண்ணனோடு பெங்களூர் போய்விட்டாள், ஊரில் யார் இருக்கிறார்கள் என்ற சாக்கு. பத்து நாள் லீவில் அவ்வளவு தூரம் எதற்கு என்ற இன்னொரு சாக்கு. எல்லாம் நல்ல சாக்குகள். அந்த மேசை முன்னால் ஒன்றும் செல்லவில்லை. மனசு கூசியது.

திவ்யா அந்த அம்மாளிடம் திரும்பி, ஒரே சொல்லில், இல்லை என்றாள்.

அம்மாள் தலையாட்டிவிட்டுப் படிவத்தில் எழுதினார். மதிப்பு என்ற இடத்தில் "வணிக மதிப்பு ஏதுமில்லை" என்று போட்டு முத்திரை குத்தினார். கடலை உருண்டையில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். விதிப்படி கூடாதாம், ஆனாலும் எடுத்துக்கொண்டார்.

7

திவ்யா அந்தச் சுருளை ஜன்னலில் வைத்துப் படம் எடுத்து, நடந்ததை நடந்தபடி மன்றத்தில் எழுதினாள். தான் முதலில் எழுதியது தவறு என்றும், அப்பா பொய் சொல்லவில்லை, அப்பாவைத்தான் ஏமாற்றியிருக்கிறார்கள் என்றும் எழுதினாள். பாதிப் பேர் திட்டினார்கள். ஆபரேட்டர் ஒருவர் கலைஞனின் படைப்பில் கை வைக்கலாமா என்று ஒரு நாற்பது பக்கம் வந்திருக்கிறது. மீதிப் பேர் இனிமேல் எங்களுக்கு இதுதான் முடிவு என்கிறார்கள். அவள் பெயரை நீக்கவில்லை.

அன்று சாயங்காலம் அந்தோணிக்குப் போன் போட்டேன். திவ்யா தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டிசம்பர்ல வரேன்டா," என்றேன். "நேரா நம்ம ஊருக்கு. பெங்களூர் அப்புறம்தான்."

"இப்டித்தான் சொல்லுவ. வந்து நின்னாத்தான் நம்புவேன். அது கெடக்கட்டும், நீ மட்டும் வந்து இன்னா பண்றது? குழந்தய உன் மடியில பாத்ததோட சரி. அது வருமா, அந்த ஊர வுட்டுட்டு?"

பதின்மூன்று வயதுக்காரியை டிசம்பரில் எங்காவது கூட்டிக்கொண்டு போவது சாதாரண வேலையா? அதற்குள் திவ்யா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மாமா," என்றாள், "அவரே வர்றாரு, குதிர வராதா?"